கைக்குழந்தையின் இதய உள்ளுறைத் தொற்று: செட்டிநாட்டுப் பெற்றோரும் செவிலியரும் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையை வளர்ப்பவர்களுக்காகவும், அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் பார்க்கிற சிறிய மருத்துவமனைச் செவிலியருக்காகவும் இது எழுதப்பட்டது. மருந்தளவுகள் புரிதலுக்காகவே தரப்பட்டிருக்கின்றன. உங்கள் குழந்தைக்கான அளவை, எடையையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும்.

எண்டோகார்டைடிஸ் என்று டாக்டர் சொன்னார். அது என்ன?

இதயத்தின் உள்சுவரிலும் வால்வுகளிலும் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்திருக்கிறது. அதில் கிருமி பற்றுவதுதான் இதய உள்ளுறைத் தொற்று என்னும் இந்த நோய். சவ்வு வழவழப்பாக இருக்கும்வரை கிருமிக்குப் பிடிமானம் இல்லை. ஓட்டை வழியாக ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது எதிரில் இருக்கிற சவ்வு உரசி உரசிச் சிராய்க்கிறது. சிராய்த்த இடத்தில் ரத்தத் தட்டணுக்களும் உறைநாரும் ஒட்டும். ரத்தத்தில் வரும் கிருமி அதில் சிக்கிக்கொள்ள, அதன் மேல் மறுபடியும் உறைநார் படியும். ஊருணிப் படியில் தண்ணீர் உரசும் இடத்தில் பாசி கட்டுவதைப் போல வளரும் இந்தத் திரளை மருத்துவர்கள் ‘வெஜிடேஷன்’ என்பார்கள். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, வெள்ளணுக்களும் எளிதில் நுழையா. உள்ளே இருக்கும் கிருமி அரைத் தூக்கத்தில் மெதுவாகப் பெருகும். மருந்து வாரக்கணக்கில் போவதற்குக் காரணம் இதுதான்.

எந்தக் குழந்தைக்கு வரும்?

இரண்டு கூட்டம். முதலாவது, பிறவி இதயக் குறை உள்ளவர்கள்: கீழறைச் சுவரில் ஓட்டை, உடம்பு நீலம் பாரிக்கும் ஃபாலட் நான்கு குறை, செயற்கைக் குழாய் வைத்து ரத்தத்துக்கு மாற்றுவழி (ஷன்ட்) அமைத்தவர்கள், ஓட்டைக்கு ஒட்டுப் போட்டும் ஓரத்தில் கசிவு மிஞ்சியவர்கள்.

இரண்டாவது கூட்டத்தைப் பலர் நினைப்பதே இல்லை. குறைமாதத்தில் பிறந்து ‘பெட்டியில் வைத்த’ குழந்தைகள். இதயம் நன்றாகவே இருக்கும். தொப்புள் வழியாகவோ கை வழியாகவோ இதயம் வரை போகும் நீண்ட குழாயின் நுனி வலது மேலறையை உரசும். அந்தக் குழாய் வழியாகவே கிருமியும் போகும். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, கேண்டிடா என்னும் பூஞ்சை, மருத்துவமனைக் கிருமிகள் இவர்களிடம் அதிகம்.

வீட்டில் எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

பெரியவர்களிடம் தெரியும் விரல் நுனி முடிச்சு, உள்ளங்கைப் புள்ளி எல்லாம் கைக்குழந்தையிடம் பெரும்பாலும் இருக்காது. காய்ச்சல்கூடச் சில நேரம் வராது. பச்சிளங்குழந்தை சில்லிட்டுப் போவதும் தொற்றின் அடையாளம்தான்.

பால் குடிப்பதைப் பாருங்கள். நேற்றுவரை பதினைந்து நிமிடத்தில் வயிறு நிறையக் குடித்த பிள்ளை, இன்று இரண்டு வாய் இழுத்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கினால், அரை மணி நேரமாகியும் முடியாமல் சோர்ந்து தூங்கினால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நெற்றி வியர்வையையும் பாருங்கள். சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் யாருக்குத்தான் வியர்க்காது! ஆனால் ஃபேனுக்குக் கீழே, உடம்பு சுடாமல், பால் குடிக்கும்போது மட்டும் நெற்றியும் உச்சந்தலையும் முத்து முத்தாக வியர்ப்பது வெக்கை அல்ல, இதயம் திணறுவது.

மூச்சை எண்ண ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு மேலெழுவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு.

வெளிறிப்போதல், எடை ஏறாமை, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் இருத்தல், வலிப்பு ஆகியவையும் சேரலாம். கடைசி இரண்டும் திரளில் ஒரு துணுக்கு உடைந்து எலும்புக்கோ மூளைக்கோ போனதால் இருக்கலாம். அதற்குக் காத்திருப்பே கூடாது.

‘உரம் விழுந்திருக்கும்’, ‘தொக்கம் எடுத்தால் சரியாகும்’ என்று அப்பத்தா சொல்கிறார்களே?

பிள்ளை சிணுங்கினாலும் பால் மறந்தாலும் வீட்டுப் பெரியவர்கள் கை வைத்தியத்தை நாடுவது புதிதல்ல. இதயக் குறை உள்ள குழந்தைக்கு அதில் மூன்று கெடுதல் உண்டு. மூச்சு வாங்கும் பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டினால் பால் மேலே வந்து புரை ஏறும். செவ்வாப்பு என்று சூடு போட்டால் அந்தப் புண் தோல் கிருமி உள்ளே போகத் திறந்த கதவு. உரைகல்லில் உரைத்த மருந்தைச் சங்கில் ஊற்றும்போதும் திணறும் குழந்தைக்குப் புரை ஏறலாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய நஷ்டம், போகிற இரண்டு மூன்று நாள். அப்பத்தாவிடம் சண்டை போட வேண்டியதில்லை. ‘முதலில் பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வருவோம், அப்புறம் பார்ப்போம்’ என்றால் போதும்.

சாதாரணக் காய்ச்சலாக இருந்தால்? ஒரு சிரப் கொடுத்துப் பார்க்கலாமே?

பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆன்டிபயாடிக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே நேரே மருத்துவமனைதான், வீட்டில் மருந்தே வேண்டாம்.

பாராசிட்டமாலில் நடக்கும் தவறு ஒன்று: சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்றும், 5 மில்லிக்கு 250 என்றும் இரண்டு வகை. ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 முதல் 75 மில்லிகிராம். சொட்டு மருந்தானால் அது அரை முதல் முக்கால் மில்லி, 125 சிரப்பானால் 2 முதல் 3 மில்லி. 125 சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு ஏறிவிடும். அளவைக் கேட்கும்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆன்டிபயாடிக் ஏன் கூடாது? பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டதே!

காய்ச்சல் விடும். திரளின் மேல்பரப்புக் கிருமி செத்து, ரத்தம் இரண்டு நாளைக்குச் சுத்தமாகிவிடும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். மருந்தை நிறுத்தியதும் காய்ச்சல் திரும்பும். அதற்குள் ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனையிலும் பெரும்பாலும் ஒன்றும் முளைக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் ஆறு வாரம் இரண்டு மூன்று மருந்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்க வேண்டிவரும். ஒரு வேளை ஊசி பிற்பாடு ஒரு மாதக் குழப்பத்தை இழுத்துவருவது இப்படித்தான்.

ஆகவே இதயக் குறை உள்ள குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் முதலில் ரத்தம், பிறகுதான் மருந்து. கிளினிக்கில் உட்கார்ந்ததும் ‘பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை, பிளட் கல்ச்சர் எடுக்காமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த மருத்துவர் கோபிக்க மாட்டார்.

ஒரு விலக்கு. கை கால் சில்லிட்டு, துவண்டு, அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. வெவ்வேறு இடங்களில் அடுத்தடுத்துக் குத்தி ரத்தத்தை எடுத்துவிட்டு உடனே மருந்தை ஏற்ற வேண்டும். குழந்தை நிதானமாக இருந்து, ஏற்கெனவே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால், மருத்துவர் இரண்டு நாள் மருந்தை நிறுத்திவைத்து மறுபடி ரத்தம் எடுப்பதும் உண்டு. அது அலட்சியம் அல்ல.

பிளட் கல்ச்சருக்கு எவ்வளவு ரத்தம்? மூன்று தடவை குத்தணுமா?

குத்தத்தான் வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு பாட்டிலுக்கு 1 முதல் 3 மில்லி. மூன்று பாட்டில், மூன்று தனித்தனி இடம். ‘பச்சைப் பிள்ளைகிட்ட இவ்வளவு உறிஞ்சுறாங்களே’ என்று ஆயா (அம்மாவின் அம்மா) அங்கலாய்ப்பார்கள். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் சுமார் 240 மில்லி ரத்தம் ஓடுகிறது. மில்லி வீதம் மூன்று முறை எடுத்தால் நூற்றில் ஒன்றேகால் பங்கு. அரை மில்லி எடுத்து மிச்சம் பிடிப்பதுதான் நஷ்டம், ஏனென்றால் கிருமி குறைவாக இருந்தால் அந்தச் சொட்டில் அகப்படாது.

மூன்று இடம் எதற்கு? தோலில் வழக்கமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒரு பாட்டிலில் மட்டும் முளைத்தால் அது ஊசியோடு ஒட்டிவந்த அழுக்காக இருக்கலாம். அதே கிருமி மூன்றிலும் முளைத்தால் ரத்தத்திலேயே இருக்கிறது. காய்ச்சல் ஏறும்போதுதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்த நோயில் கிருமி ரத்தத்தில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

செவிலியருக்குச் சில குறிப்புகள். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு போவிடோன் அயோடின் தடவி, அது தானாகக் காயும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடம், காத்திருங்கள். ஈரத்தோடு குத்தினால் கிருமி சாகாது. காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தடவி நரம்பு தேடாதீர்கள். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மூடியைக் கழற்றியதும் அது சுத்தம் என்பது தப்பு நினைப்பு. ஏற்கெனவே போட்டிருக்கும் டிரிப்ஸ் ஊசியிலிருந்து இழுக்க வேண்டாம்.

எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மற்ற சாம்பிளோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. குளிரில் சில கிருமிகள் முளைக்காமலே போய்விடும். அறை வெப்பத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியை வளர்க்கும் கல்ச்சர் கருவியில் ஏற்றுவது நல்லது. மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் லேப் வண்டி மாலைதான் வரும் என்றால், காலையில் எடுத்துப் போட்டு வைப்பதைவிடக் கருவி உள்ள இடத்துக்குக் குழந்தையையே அனுப்புவது மேல். சீட்டில் ‘இதய உள்ளுறைத் தொற்று சந்தேகம்’ என்று எழுதுங்கள். மெதுவாக வளரும் கிருமிக்காக லேபில் பாட்டிலைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

எக்கோவில் ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியானால் நோய் இல்லைதானே?

அப்படி முடிவுகட்டக் கூடாது. குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, அதனால் நெஞ்சின் மேலிருந்து ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவே பெரும்பாலும் நன்றாகக் காட்டும். ஆனால் ஆரம்பத்தில் திரள் பொடியாக இருக்கும். ஒட்டுத்துணி, செயற்கைக் குழாய் இருந்தால் அதன் நிழல் மறைக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் திரும்ப எக்கோ எடுப்பார்கள். உணவுக்குழாய் வழி எக்கோவுக்கு மயக்கம் தேவை. சீழ்க்கட்டி சந்தேகம் வந்தாலோ செயற்கைப் பொருள் உள்ளே இருந்தாலோ அது பலன் தரும். பழைய எக்கோ அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். புதிதாகத் தெரியும் கசிவு உண்மையிலேயே புதியதா என்று அவற்றை ஒப்பிட்டால்தான் தெரியும்.

நோயை உறுதி செய்வது எப்படி?

டியூக் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2000-ல் திருத்தப்பட்டு, 2023-ல் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. தனித்தனி ரத்தத்தில் அதே கிருமி முளைத்தது, எக்கோவில் திரளோ சீழோ தெரிந்தது ஆகிய இரண்டும் பெரிய சான்று. ஏற்கெனவே உள்ள இதயக் குறை, 38 டிகிரிக் காய்ச்சல், துணுக்கு சிதறிய அடையாளம் போன்றவை சிறிய சான்று. பெரியது இரண்டு, அல்லது பெரியது ஒன்றும் சிறியது மூன்றும், அல்லது சிறியது ஐந்து சேர்ந்தால் உறுதி. இது பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு. கைக்குழந்தையிடம் சிறிய சான்றுகள் பல தென்படாது. கணக்கு நிறையவில்லை என்பதற்காக நல்ல மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார்.

என்ன மருந்து, எவ்வளவு?

கிருமியைப் பொறுத்தது. வாயிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பெனிசிலின்-ஜி, கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 லட்சம் யூனிட், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாகப் பிரித்து, நான்கு வாரம். ஐந்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 2 லட்சம் என்று வைத்தால் நாளுக்கு 10 லட்சம், ஒரு வேளைக்கு 1.66 லட்சம். இங்கே ஓர் எச்சரிக்கை: வாதக் காய்ச்சலுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடும் பென்சாதின் பெனிசிலினும் ‘பெனிசிலின்’தான். அது பால் போல வெள்ளையாக இருக்கும், நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடலாம். குப்பியின் பெயரை இரண்டு பேர் படித்த பிறகே ஏற்ற வேண்டும்.

பெனிசிலின்-ஜிக்குப் பதில் செஃப்ட்ரையாக்ஸோன் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கொடுக்கலாம். பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்கு இது உகந்தது அல்ல. மஞ்சள் காமாலையைக் கூட்டும். கால்சியம் கலந்த திரவத்தோடு சேர்ந்தால் படிகம் கட்டும்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றால் கிளாக்ஸாசிலின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு வாரம். அதற்கு மசியாத வகையானால் வான்கோமைசின். அதைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். செயற்கைப் பொருள் உள்ளே இருந்தால் ரிஃபாம்பிசினும், முதல் இரண்டு வாரம் மட்டும் ஜென்டாமைசினும் சேர்த்து, சிகிச்சை ஆறு வாரத்துக்குக் குறையாமல் போகும். பெனிசிலினையும் ஜென்டாமைசினையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் ஒன்று மற்றதைச் செயலிழக்கச் செய்யும். இடையில் சலைன் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

பூஞ்சைதான் கொடியது. ஆம்ஃபோடெரிசின், லிப்போசோம் வகையானால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். இதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கரைக்க வேண்டும். சலைனில் கலந்தால் திரிந்துவிடும், முன்னால் சலைன் ஓடிய குழாயையும் டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் நீண்ட குழாயை எடுத்தே ஆக வேண்டும்.

பச்சிளங்குழந்தைக்கு, அதிலும் குறைமாதத்துக்கு, இந்த அளவுகளும் இடைவெளிகளும் மாறும்.

நான்கு வாரம், ஆறு வாரம் எந்த நாளிலிருந்து?

மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல. ரத்தத்தில் கிருமி முளைக்காத முதல் நாளிலிருந்து. அதனால்தான் தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் பிள்ளை சிரித்து விளையாடும். ‘சொல்லிக்கொண்டு போய்விடலாமா’ என்ற எண்ணம் அப்போதுதான் வரும். மருத்துவச் செலவு போக, கூட இருப்பவர் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளை என்று சுமை உண்மையானதுதான். மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை தேறிய பிறகு மிச்ச ஊசிகளைச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பக்கத்து இடத்தில் சேர்த்துப் போட முடியுமா என்று கேட்கலாம். வாய் வழி மருந்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். கைக்குழந்தைக்கு அது நம்பத்தக்கது அல்ல.

மருந்து சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்குமாமே?

ஜென்டாமைசினும் வான்கோமைசினும் பாதிக்கலாம். வான்கோமைசினுக்குப் பொதுவாக நான்காம் வேளைக்கு முன் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் ரத்தத்தில் அடிக்கடி பார்க்கப்படும். ஈரத் துணியை எடைபோட்டுச் சிறுநீர்க் கணக்கு எழுதச் சொன்னால் சலிக்காமல் செய்யுங்கள். முடிந்ததும் காது கேட்கும் திறன் சோதனை கேட்டு வாங்குங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆபரேஷன் எப்போது?

வால்வு கிழிந்து இதயம் தளர்ந்தால், சரியான மருந்து ஒரு வாரமாகப் போயும் ரத்தத்தில் கிருமி நின்றால், சீழ்க்கட்டி வைத்தால், துணுக்கு திரும்பத் திரும்பச் சிதறினால், பூஞ்சைத் திரள் பெரிதாக இருந்தால். தினமும் ஈ.சி.ஜி. எடுப்பது வீண்வேலை போலத் தெரியும். சீழ் இதயத்தின் மின்கம்பியை நெருக்கினால் முதலில் அதில்தான் தெரியும். ‘மருந்து முடிந்த பிறகு அறுக்கலாம்’ என்று எல்லா நேரமும் தள்ளிப்போட முடியாது.

எங்கே போவது? செலவு?

கைக்குழந்தை இதய அறுவைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் மதுரை, திருச்சி அல்லது சென்னைக்குப் போக வேண்டிவரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பயன்படும். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிள்ளைக்கு இதயக் குறை என்று தெரிந்த அன்றே இதைச் செய்து வையுங்கள், காய்ச்சல் வந்த அன்று ஓட வேண்டாம்.

108-ல் போகும்போது ஆக்சிஜன் வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லுங்கள். திருப்பத்தூர், மேலூர் வழி மதுரைக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். மூச்சு வாங்கும் பிள்ளைக்கு வழியில் சங்கில் பால் ஊற்றாதீர்கள். கையில் எடுக்க வேண்டியவை: எக்கோ அறிக்கை, இதுவரை போட்ட ஊசிகளின் பெயரும் நேரமும் எழுதிய தாள், கடைசியாகப் பார்த்த எடை.

காதுகுத்தும் மொட்டையும் குலதெய்வக் கோயிலில் வைத்திருக்கிறோம். செய்யலாமா?

சிகிச்சை நடக்கும்போது கூடவே கூடாது. இதய அறுவை முடிந்தவர்கள் ஆறு மாதமாவது தள்ளிவைப்பது நல்லது. ஒட்டின் மேல் புதுச் சவ்வு படர அவ்வளவு காலம் ஆகும். பிறகு செய்யும்போது, மொட்டைக்குப் புது பிளேடு, காதுக்குப் பிரிக்காத உறையில் வரும் ஊசி. ஆசாரி பல பிள்ளைகளுக்குக் குத்திய கம்பி வேண்டாம். காதுகுத்துக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழிகாட்டுதலில் இல்லை. குத்திய இடம் சிவந்து சீழ் கட்டினால் அன்றே காட்டுங்கள்.

பல் விஷயம் வேறு. ஈறு கிழியும் பல் சிகிச்சைக்கு முன், ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டும் அமாக்ஸிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஒரே வேளை, அரை முதல் ஒரு மணி நேரம் முன்பு. முன்பே இந்த நோய் வந்தவர்கள், செயற்கை வால்வு உள்ளவர்கள், சரிசெய்யாத நீலக் குறை உள்ளவர்கள், ஒட்டுப் போட்டு ஆறு மாதம் ஆகாதவர்கள், ஒட்டோரக் கசிவு உள்ளவர்கள் அதில் வருவார்கள். முதல் பல் முளைத்ததும் ஈரத் துணியால் துடைக்கத் தொடங்குங்கள். சர்க்கரைத் தண்ணீர்ப் பாட்டிலை வாயில் வைத்தே தூங்கவிட்டால் முன்பல் சொத்தையாகி, தினந்தோறும் கிருமி ரத்தத்துக்குள் போகும்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுபடி காய்ச்சல் வந்தால்?

நோய் திரும்பினால் முதல் சில வாரங்களில்தான் பெரும்பாலும் திரும்பும். சளிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இருந்தாலும் முதலில் பிளட் கல்ச்சர். சிகிச்சை முடிவில் எடுத்த எக்கோவை இனி ஒப்பிடுவதற்கான அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள், நகல் எடுத்து வையுங்கள். ‘இதய உள்ளுறைத் தொற்று வந்த குழந்தை, ரத்தம் எடுக்காமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்’ என்று ஓர் அட்டையில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு பின் செய்துவிடுங்கள். பிள்ளையை ஆயா வீட்டுக்கு அனுப்பினால் அந்த அட்டையும் கூடவே போகட்டும்.